பெயர் தெரியுது, ஃபைல் திறக்கலையா?
லினக்ஸில் எக்ஸ்ஃபேட் (exFAT, பென்டிரைவ்ல வர்ற ஒரு ஃபார்மேட்) டிஸ்க்கை மவுண்ட் பண்ணினதும் (சிஸ்டத்தோட இணைச்சதும்) ஃபைல் பெயர் மட்டும் வந்து, அளவு, தேதி எல்லாம் கேள்விக்குறியா இருக்கா? சுடோ (sudo, நிர்வாகி அனுமதி) போட்டா மட்டும் சரியாத் தெரியுதா? அப்போ டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, ஃபார்மேட் பண்ணித் தொலைச்சுடாதீங்க!

எஃப்எஸ்டேபில் (/etc/fstab, டிஸ்க்கை எப்படி மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) யுமாஸ்க்=111 (umask, எந்த அனுமதிகளை எடுக்கணும்னு சொல்ற எண்) இருக்கான்னு பாருங்க. ஃபைல்கள் எக்ஸிக்யூட் ஆகக் கூடாதுன்னு பலர் இப்படிப் போடுவாங்க. ஆனா அது ஃபோல்டரின் எக்ஸ் (x, எக்ஸிக்யூட்) அனுமதியையும் பறிச்சிடும். அது இல்லாம உள்ளே நுழையவே முடியாது.

அனுமதியை மாத்தற சிஎச்மாட் (chmod) கமாண்ட் இங்கே வேலைக்காகாது. எக்ஸ்ஃபேட்டில் யூனிக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க இடமே கிடையாது, எல்லாம் மவுண்ட் நேரத்தில் கொடுப்பதுதான். யுமாஸ்க்கை எடுத்துட்டு, ஃபோல்டர்களுக்கு டிமாஸ்க்=022 (dmask), ஃபைல்களுக்கு எஃப்மாஸ்க்=133 (fmask) கொடுங்க. ஃபோல்டர் அனுமதி 755, ஃபைல் அனுமதி 644 ஆகும் (உரிமையாளர் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்). உரிமையாளர் ரூட்னு (root, நிர்வாகி) காட்டினா யுஐடி=1000 (uid, பயனர் எண்), ஜிஐடி=1000 (gid, குழு எண்) சேருங்க (முதல்ல 'ஐடி' (id) கமாண்டில் உங்க எண்ணைப் பாத்துக்குங்க). அப்புறம் அன்மவுண்ட் பண்ணி, மறுபடி மவுண்ட் பண்ணுங்க.