ஒரெமின் கோட்பாடும் கஞ்சிக் கரண்டியும்

தாதியியல் கோட்பாடுகளைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் சங்கதி என்று ஒதுக்குவோர் யாழ்ப்பாணத்திலும் உண்டு. காற்றும் வெளிச்சமும் சுத்தமும் குணமாதலுக்குத் துணை என்று நவீன தாதியியலின் முன்னோடி புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் எழுதியதை எவரும் மறுப்பதில்லை. எனக்கு நெருக்கமானது அமெரிக்கத் தாதியியலாளர் டொரத்தியா ஒரெமின் சுயபராமரிப்புக் கோட்பாடு. அறவே இயலாதவருக்குத் தாதியே செய்ய வேண்டும், ஓரளவு இயலுமானவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும், இயலுமானவருக்குக் கற்றுக்கொடுத்து ஊக்கினால் போதும் என்கிறார் அவர்.

பாரிசவாதத்தால் வலக்கை விழுந்த ஓர் அம்மாவுக்கு, விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று உறுதிசெய்தபின், நிமிர்த்தி இருத்தி, இடக்கையில் தடித்த பிடியுள்ள கரண்டியைக் கொடுத்தால், கஞ்சி பாதி மேசையில் சிந்தும். மகளோ "நான் தீத்திவிடுறன், மிஸ்ஸி" என்று பதறுவார். எங்கள் ஊரில் பாசம் என்றால் அதுதானே! நோயாளர் விடுதியில் தாதியர் குறைந்த வேளையில் தீத்திவிடுவதே விரைவு என்பது உண்மையாயினும், வீடு சென்றபின் மகள் வேலைக்குப் போகும் பகல்களில் அந்த அம்மா தானாகவே உண்ண வேண்டும் அல்லவா?