சிக்மா சை மாலையும் திருநெல்வேலிக் குறிப்பேடும்

எமது வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்க மலருக்கு நினைவுக் கட்டுரை ஒன்று கேட்டு மலர்க்குழுவினர் எழுதியபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நாட்களைப் பற்றியே நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத விரும்புவதோ, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2004 மே மாதத்தில் ஒரு மாலை என்னைப் புதிய உறுப்பினனாக ஏற்றுக்கொண்ட சிக்மா சை என்னும் விஞ்ஞான ஆராய்ச்சிச் சங்கத்தைப் பற்றி. ஆயினும் அந்த மண்டபத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலியில் நான் எழுதத் தொடங்கிய ஒரு குறிப்பேடு. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

சிக்மா சை 1886 இல் கோர்னெலிலேயே பிறந்தது. கலைத்துறையில் சிறந்தோரைக் கௌரவிக்கும் ஃபை பீட்டா கப்பா சங்கம் அந்நாட்டில் 1776 முதல் இருந்துவந்தது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்று அதற்கு ஈடான அமைப்பு வேண்டுமென எண்ணிய ஓர் இளம் விரிவுரையாளரும் பட்டமேற்படிப்பு மாணவர் சிலரும் இதனைத் தொடங்கினார்கள். புவிச்சரிதவியல் பேராசிரியர் ஹென்றி ஷேலர் வில்லியம்ஸ் அவர்களோடு இணைந்து முதல் தலைவரானார். 'ஆர்வமிகு ஆராய்ச்சியில் தோழர்கள்' என்று பொருள்படும் கிரேக்கத் தொடரின் இரு முதலெழுத்துகளே சங்கத்தின் பெயராயின. ஐன்ஸ்டைன், என்றிக்கோ பெர்மி, லைனஸ் போலிங் எனப் பின்னாளில் நோபல் பரிசாளர் 200 பேருக்கு மேல் இதில் உறுப்பினராயினர். கோர்னெலில் சோளத்தின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்து 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பார்பரா மக்ளின்டொக் அவர்களுள் ஒருவர். ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அனா பொட்ஸ்ஃபோர்ட் கொம்ஸ்டொக். 1888 இலேயே சங்கம் ஏற்றுக்கொண்ட முதற் பெண்களுள் ஒருவரான அவர், பூச்சிகளின் உருவங்களை மரக்கட்டையில் செதுக்கிப் பூச்சியியல் நூல்களுக்குப் படம் அமைத்தவர். ஒரு சிறகின் நரம்புகளைப் பிழையறச் செதுக்கும் கையையும் ஆராய்ச்சிக்குரிய கையாக அன்றே மதித்தார்கள் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஏனென்றால் எமக்கும் தாவரவியல் வரைதலில்தான் தொடங்கியது. நான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த 1991 இல் போரினால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டிகளை யன்னலோரத்துக்கு நகர்த்தி, அடியிலுள்ள சிறு கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயிலை வில்லைக்குள் பிடிப்போம். முகில் மறைத்தால் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருப்போம். செய்முறை வகுப்பில் எம்மைச் சுற்றிவந்த ஆசிரியை ஒருநாள் என் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் கண்டதை வரையுங்கோ, புத்தகத்தில இருக்கிறதை வரையாதேங்கோ" என்றார். நான் காணாத ஒரு கலச்சுவரை ஞாபகத்திலிருந்து வரைந்திருந்தேன். அதை அழித்துவிட்டு, அன்றைய திகதியையும், எனக்கு அது தெரியவில்லை என்பதையும் பக்கத்தில் எழுதினேன். 1995 ஒக்ரோபர் 30 இல் போருக்கு அஞ்சிக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதுமாக எழுந்து நடந்தபோது, அரிசியோடும் அம்மாவின் மருந்தோடும் அந்தக் குறிப்பேட்டையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன்.

கோர்னெலில் எனது ஆய்வு உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகல் நோயைப் பற்றியது. 1845 இல் அயர்லாந்தில் தொடங்கிப் பத்து இலட்சம் பேரளவில் மாண்ட பஞ்சத்துக்குக் காரணமாயிருந்த அதே நோய்தான். நோயுற்ற இலையை ஏகார் என்னும் கூழ் ஊற்றிய தட்டில் கவிழ்த்து வைத்துச் சில நாட்கள் குளிரான இடத்தில் விட்டால், கருகிய பகுதியின் ஓரத்தில் அடிப்புறமாக நோய்க்கிருமியின் வெண்பஞ்சு போன்ற பூப்பு அரும்பும். அதைக் குளிர்ந்த நீரில் கழுவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காத்திருந்தால், எலுமிச்சங்காய் வடிவான வித்திப்பைகளிலிருந்து இயங்கு வித்திகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு நீந்தத் தொடங்கும். நான்கு ஆண்டுகள் அவற்றோடு வாழ்ந்தேன். அன்றன்று கண்டதைத் திகதியிட்டு எழுதும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

சிக்மா சையில் சேர, ஏற்கெனவே உறுப்பினராயுள்ளோர் முன்மொழிய வேண்டும். ஆராய்ச்சித் திறன் அரும்புகின்ற மாணவரை இணை உறுப்பினராகவும், சொந்த ஆய்வை வெளியிட்டு நிலைநாட்டியோரை முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொள்வது வழக்கம். எனது மேற்பார்வையாளர் என் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தார். பிழை ஏதும் கண்டுவிட்டாரோ என்று நான் கலங்கினேன். திருப்பித் தந்தபோது முன்மொழிவுப் படிவம் அவற்றின்மேல் இருந்தது. பரிசோதனை பிழைத்த நாட்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன் என்பதை அவர் தனியே குறிப்பிட்டிருந்தார். அந்த வரியை வாசித்தபோது திருநெல்வேலி யன்னலோரமும் அழிக்கப்பட்ட அந்தக் கலச்சுவரும் நினைவுக்கு வந்தன.

ஏற்பு நிகழ்வு ஆடம்பரமற்றது. முதலில், நெடுங்காலம் ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் உழைத்த மூத்தவர் ஒருவரின் பணி எடுத்துரைக்கப்பட்டது. பின்னர் புதியவர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். பெயரோடு எவருடைய பட்டத்தையும் பதவியையும் சேர்த்து வாசிக்கவில்லை. என்ன ஆராய்கிறார் என்பதையே வாசித்தார்கள். பாலத்து உருக்கின் களைப்பு, தேனீயின் மணவுணர்வு, விண்மீன் தூசு என்று தலைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் பெயரை உச்சரிக்கச் சற்றுத் தடுமாறியவர், ஆய்வுத் தலைப்பைத் தெளிவாக வாசித்தார். அந்த மண்டபத்தில் எனது ஊரை அறிந்தவர் எவருமில்லை. என் வேலையை இப்போது எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

இராப்போசனத்தில் என் அருகே இருந்தவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், எண்பது வயதைக் கடந்தவர். நீந்திக்கொண்டிருக்கும் வித்திகளை எவ்வாறு எண்ணுகிறாய் என்று கேட்டார். குழாயை வேகமாகக் குலுக்கினால் அவை நீச்சலை விட்டுத் தம்மைச் சுற்றி உறை அமைத்துக்கொண்டு அசையாதிருக்கும், பின்னர் கட்டமிட்ட தட்டில் எண்ணலாம் என்றேன். எவ்வளவு நேரம் குலுக்குவாய், ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதானா என்று விடாமல் கேட்டார். அவ்வளவையும் ஒரு காகிதத் துண்டில் வரைந்து காட்டினேன். 'தோழர்கள்' என்ற சொல்லின் பொருள் எனக்கு அந்த உரையாடலில்தான் விளங்கியது.

இச்சங்கம் 1922 முதல் மாணவர் ஆய்வுகளுக்குச் சிறு நிதியுதவி வழங்கிவருகிறது. எங்கள் நாட்களில் அது பெரும்பாலும் 1,000 டொலருக்கு மேற்படுவதில்லை. ஆனாலும் இரசாயனப் பொருட்களுக்கும் களப்பயணத்துக்கும் அத்தொகை போதிய கைகொடுத்தது. 1950 இல் ஏற்படுத்தப்பட்ட வில்லியம் புரொக்டர் பரிசில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: பரிசு பெறும் அறிஞர் தாம் தெரிவுசெய்யும் இளம் ஆய்வாளர் ஒருவருக்கும் அதனோடு சேர்த்து ஆய்வு நிதி வழங்கப்படும்.

எமது பல்கலைக்கழகத்தைச் சார்ந்து யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் ஆண்டு அமர்வுகளை நடத்திவருகிறது. மாணவனாக அதன் பின்வரிசையில் அமர்ந்திருந்திருக்கிறேன். எமது வெளிநாட்டுச் சங்கத்தின் செயற்குழுவிடம் இப்போது இரண்டு வேண்டுகோள்களை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கான சிறு நிதி ஒன்றை ஆரம்பிப்பது முதலாவது. அதற்கு மாணவர் தாமாக விண்ணப்பிக்கும் முறை வேண்டாம். அவர்களது குறிப்பேட்டைப் பார்த்த ஆசிரியர் இருவர் முன்மொழியட்டும். வருடாந்த ஒன்றுகூடலில் இராப்போசனத்துக்கு முன்னர் பத்து நிமிடம் ஒதுக்கி, அம்மாணவரின் பெயர்களையும் ஆய்வுத் தலைப்புகளையும் சபையில் வாசிப்பது இரண்டாவது. விஞ்ஞான பீடத்திலிருந்து தலைப்புகளைப் பெற்றுத் தருவதையும், முதலாண்டுத் தொகையையும் நான் பொறுப்பேற்கிறேன்.