மார்கழியில் வந்த பதினைந்து நாள் கெடு

"தை பொறந்தா ஒன்பதாயிரம். முடியலைன்னா பதினைஞ்சு நாள்ல காலி பண்ணிடுங்க." வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் மகன் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுவரை நாங்கள் கொடுத்த மாத வாடகை 6,500. கும்பகோணத்தில் ஆறு வருஷமாக இதே வீடு.

பதினோரு மாத ஒப்பந்தம் ஐப்பசியிலேயே முடிந்திருந்தது. "தீபாவளி போகட்டும், எழுதிக்கலாம்" என்று வீட்டுக்கார அம்மாவும் சொன்னார், நாங்களும் விட்டுவிட்டோம். தாள் இல்லை, பேச வாயும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

நீதிமன்ற வளாகத்திலேயே இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமானக் கணக்கே கேட்பதில்லை. அங்கிருந்த வக்கீலம்மா முதலில் பார்த்தது ஒப்பந்தம் முடிந்த தேதியை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறதாம். அதன்படி, ஒப்பந்தம் முடிந்தும் புதுப்பிக்காமல் காலியும் செய்யாமல் இருந்தால், அதிகபட்சம் ஆறு மாதம் வரை பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீடிக்கும். எங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாடகை அதே 6,500.

"சந்தோஷப்படாதீங்க, எழுதிக்காம இழுத்தடிச்சா அதுவே உங்களைக் காலி பண்ணச் சொல்றதுக்குக் காரணமாயிடும்" என்றார். எங்கள் தெருவில் பாதிப் பேர் தாளில்லாமல் இருப்பதே தங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தை முதல் வாரம் மோட்டார் ஓடவில்லை. சுவிட்ச் வீட்டுக்கார அம்மா பக்கம். இரண்டு நாள் தெருக் குழாயில்தான் குடம் வைத்தேன். "தண்ணியே விடல, வாடகை எதுக்கு?" என்று என் கணவர் குதித்தார். வக்கீலம்மா அவரை நன்றாகத் திட்டினார். இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் நம் கதை முடிந்தது. வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம்; தொடர்ந்து மறுத்தால், இந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் கட்டலாம். நாங்கள் அம்மாவின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அந்தச் சீட்டை எடுத்து வைத்தோம்.

பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை நிறுத்தக் கூடாது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கப்போகிறோம், காலி செய்ய வைப்பதென்றால் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான். ஒப்புகை அட்டை திரும்பி வருவதற்குள் மோட்டார் ஓடியது.

இதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்காவும் கிளம்பினார். அவர் குடியிருப்பது கோயில் மனை. அதற்கு விதி வேறு என்று அவரைத் தனியாக விசாரிக்கச் சொன்னார்கள். இந்த ஊரில் அப்படி எத்தனையோ வீடுகள்.

கடைசியில் பேசித்தான் முடிந்தது. வாடகை 7,200, வருஷத்துக்கு ஐந்து சதவீதம் உயர்வு, காலி செய்ய யாராக இருந்தாலும் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வேண்டாம் என்றேன். மகன் முனகினார், அம்மா சரி என்றார். ஒப்பந்தத்தை இணையத்தில் பதிந்து பதிவு எண்ணும் வாங்கியாயிற்று.

கையெழுத்துப் போடும் நேரத்தில் அம்மா பேனாவை நிறுத்தினார். "கொல்லைத் தென்னை காய் எனக்குத்தான்னு அதுல எழுதலையே?"

எழுதிச் சேர்த்தோம்.