ஏழரைச் சனியும் காட்டு லீக்ஸும்

இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து பால் தேத்தண்ணி குடித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அது உள்ளி போட்ட தேத்தண்ணி இல்லை, எங்கள் பிரிட்ஜின் கைங்கரியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டர், தயிர், மகளின் கேக்கில் மிஞ்சியது, மாமி கோயிலுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பால், எல்லாம் இப்போது ஒரே மணம். மாமி அந்தப் பாலைக் கொண்டுபோகவில்லை. பிள்ளையார் ஒன்றும் சொல்லமாட்டார், ஐயர் சொல்லுவார் என்றார்.

காரணம் பக்கத்து வீட்டுக் கிழவர். அவரை உங்களுக்குத் தெரியும், பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, நன்றி சொல்லப் போனால் ஏதோ கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிற மனிதர். அவருக்கு ஒன்ராறியோவில் பீட்டர்பரோ பக்கம் கொஞ்சம் காடு சொந்தமாக இருக்கிறது, பெரும்பாலும் மேப்பிள் மரங்கள். ஏப்ரல் கடைசியில் பனியெல்லாம் கரைந்து, ஆனால் மரங்கள் இன்னும் இலை விடாமல், நிலத்தில் நேராக வெயில் விழுகிற அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் காட்டு லீக்ஸ் முளைக்கும், இலையும் கிழங்கும் உள்ளி மணக்கிற ஒரு காட்டுச் செடி. மரம் இலை விட்டு நிழல் கட்டியதும் இதன் இலை மஞ்சளாகிச் செத்துவிடும், பூ வருவதே அதற்குப் பிறகுதான். வியாழன் பின்னேரம் கிழவர் ஒரு பை நிறைய, வேரும் மண்ணுமாகக் கொண்டுவந்து, "முட்டையோடு பொரியுங்கள், வேறு ஒன்றும் செய்து கெடுத்துவிடாதீர்கள், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முட்டை பொரிக்க ஒரு நாள் கண்டுபிடிப்பது கலியாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டம். வியாழன் இரவுக்கு இடியப்பமும் சொதியும் ஏற்கெனவே ஆகிவிட்டது. வெள்ளி மரக்கறி. சனி மாமிக்கு விரதம், ஏழரைச் சனி தொடங்கியதிலிருந்து அவர் சனிக்கிழமையில் தண்ணீரையும் சந்தேகத்தோடுதான் குடிக்கிறார். மாமி சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் பொரிக்கிறோம் என்றால் அந்தச் சட்டி, அந்த அகப்பை, அந்த அடுப்பு என்று பெரிய வழக்கு வரும். அதனால் பை பிரிட்ஜுக்குள் போனது. நல்லாக இறுக்கிக் கட்டித்தான் வைத்தேன். காட்டு லீக்ஸுக்கு முடிச்சு ஒரு பொருட்டா?

அமெரிக்காவில், மேற்கு வேர்ஜீனியாவில் ரிச்வுட் என்று ஒரு சின்ன ஊர், அங்கே இதற்கு ராம்ப்ஸ் என்று பெயர், ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு விருந்தே வைக்கிறார்கள், பேக்கன் கொழுப்பில் இதை வதக்கி முட்டையும் உருளைக்கிழங்குமாக. அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜிம் கொம்ஸ்ரொக் ஒருமுறை அச்சு மையில் இதன் சாற்றைக் கலந்து பத்திரிகை அடித்து, தபாலில் அனுப்பிவிட்டார். தபால்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று தபால் திணைக்களம் அவரைக் கண்டித்ததாம். இதை நான் மனைவிக்கு ஆர்வமாக வாசித்துக் காட்ட, "அந்தாளுக்குக் கண்டிக்கத் தபால் கந்தோர் இருந்தது, உங்களுக்கு நான்தான்" என்று பிரிட்ஜைத் திறந்து வினாகிரி போட்டுத் துடைக்கத் தொடங்கினாள். இப்போது வினாகிரியும் சேர்ந்து மணக்கிறது.

ஞாயிறு விடிந்தது. கலண்டரில் சதுர்த்தி இல்லை, சஷ்டி இல்லை, யாருடைய திவசமும் இல்லை. நான் முட்டை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மாமி எல்லாவற்றையும் கழுவிச் சுளகில் பரப்பி வைத்திருந்தார். போகும்போது இருந்ததைவிட இலை கூடியிருந்தது.

"என்ன மாமி, குட்டி போட்டிட்டுதோ?"

"இல்லைத் தம்பி, கழுவினால் ஒரு பிடிதான் வந்தது. உந்தக் கிழவற்ற வேலிக்கரையில இதே இலை சும்மா நிக்குது. அதிலயும் கொஞ்சம் வெட்டினனான்."

வேலிக்கரையில் நிற்பது லில்லி ஒஃப் த வலி. ரொறன்ரோவில் பாதிப் பேர் வீட்டு நிழலில் நிற்கிற அதே செடிதான், வெள்ளை மணி மணியாகப் பூக்கும், கலியாணப் பொம்பிளையின் கையில் கொடுப்பார்கள். அழகு வெளியேதான், இலை, பூ, பழம் என்று ஒன்று விடாமல் நஞ்சு, உள்ளே போனால் நேராக இதயத்துடிப்பில் கை வைக்கும். இரண்டு செடிக்கும் இலை அச்சு அசல் ஒரே மாதிரி. மனைவி சுளகில் ஒரு சின்ன மொட்டுத் தண்டைக் கண்டு கத்திய கத்தலில் மேல்மாடியில் நித்திரையாகக் கிடந்த மகள் இறங்கி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு முன் அவள் இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மாமி அசையவில்லை. "மணந்து பார்த்துத்தானே வெட்டினனான்."

உண்மைதான், எல்லா இடத்திலும் சொல்கிற புத்திமதியும் அதுதான்: இலையைக் கசக்கி மணந்து பார், உள்ளி மணந்தால் காட்டு லீக்ஸ், இல்லையென்றால் தொடாதே. நல்ல புத்திமதி, முதல் இலைக்கு. அதற்குப் பிறகு கை முழுக்க உள்ளி. மாமி அந்த நேரத்தில் என் போனைக் கசக்கி மணந்திருந்தாலும் உள்ளிதான்.

அப்புறம் பிரித்தெடுக்கும் படலம். அடியில் வெள்ளைக் கிழங்கும் அதற்கு மேல் கருஞ்சிவப்புத் தண்டும் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் ஒரு பக்கம், தனி இலையாக இருப்பது எல்லாம், நல்லதோ கெட்டதோ, கேள்வியில்லாமல் குப்பைக்கு. ஒவ்வொன்றையும் மனைவி பார்த்து, பிறகு நான் பார்த்து, பிறகு மகள் போனில் படம் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். சுளகையும் தேய்த்துக் கழுவினோம். கடைசியில் மிஞ்சியது மாமி முதலில் குறைப்பட்ட அதே ஒரு பிடி.

பொரித்தது நான். எண்ணெயில் பெருஞ்சீரகம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பிறகு மெல்லிசாக வெட்டிய கிழங்கு. கிழங்கு பொன்னிறமாகிற வரைக்கும் இலையைப் போடக்கூடாது. இலை கடைசியில், சட்டியில் பட்டதும் சுருண்டுவிடும், அடுத்த நிமிஷம் உப்பும் மிளகும் போட்டு அடித்த முட்டையை ஊற்றிவிட வேண்டும். முட்டையில் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலும் விட்டேன், அது கிழவருக்குத் தெரியவேண்டாம். ஓரம் முறுகி நடுவில் பொதுக்கென்று வந்தது. லீக்ஸும் உள்ளியும் கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை இப்படித்தான் இருக்கும்.

மேசையில் வைத்தாயிற்று, பிட்டும் ரெடி, ஒருவரும் கை வைக்கவில்லை.

"மருமோன் முதல்ல சாப்பிடட்டும்" என்றார் மாமி.

மனைவியைப் பார்த்தேன். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் இந்த மாதிரி இடத்தில் "அதெப்படி அம்மா" என்று ஒரு சொல் வரும் என்று எதிர்பார்ப்பது தப்பா? அவள் என் பக்கம் கோப்பையைத் தள்ளிவிட்டாள். மகள் வீடியோ எடுக்கத் தொடங்கினாள். நான் சாப்பிட்டேன், சத்தியமாக நல்ல ருசி, ஆனால் மூன்று பேர் உங்கள் கண்மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த முட்டைப் பொரியலும் பாதி ருசிதான். மாமி பக்கத்தில் இருந்து, தலை சுத்துதா, நெஞ்சு பறக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்கப் பறந்தது.

பிட்டு ஆறி, ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியான பிறகு மாமி ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். "இதுக்கோ இவ்வளவு கூத்து? நுவரெலியா லீக்ஸுக்குக் கிட்ட வராது" என்றார். பிறகு மிச்சம் முழுவதையும் பிட்டோடு குழைத்துச் சாப்பிட்டார். எனக்கு முதல் கோப்பையோடு சரி.

சாப்பிட்டு முடியவே அடுத்த திட்டம். உந்த ரூஜ் பூங்காவுக்குள் இது நிற்காதோ, ஒரு பையோடு போய்ப் பார்ப்போமோ என்றார். அது தேசியப் பூங்கா மாமி, ஒரு இலை பிடுங்கினாலும் குற்றம் என்றேன். மொன்றியலுக்குப் போன் போனது. மச்சாள் சொன்னாள், கியூபெக்கில் 1995-இலிருந்து இதை விற்கவே தடை, வீட்டுத் தேவைக்கென்றாலும் ஒருவருக்கு வருஷத்துக்கு 50 கிழங்குதான் என்று. மாமி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் அஞ்சு பேர் போனால் 250" என்றார்.

அதுவும் சரிவராது என்றதும், கிழவரிடம் விதை வாங்கி எங்கள் பின்வளவில் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. விதை முளைக்கவே ஒன்றரை வருஷம் வரை எடுக்கலாம், வெட்டிச் சாப்பிடுகிற அளவுக்கு வர ஏழு வருஷம் ஆகலாம் என்று கிழவர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு, எனக்குச் சனியும் அதோட முடிஞ்சிடும். சனிக்கிழமையிலயும் முட்டை பொரிக்கலாம்."

எங்கே விதைப்பது? நல்ல நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். மாமி பார்த்து வைத்திருக்கிற இடம் அதே வேலிக்கரை, லில்லிக்குப் பக்கத்தில்.

"ஏழு வருஷத்துக்குப் பிறகு எது எது எண்டு எப்பிடியம்மா தெரியப்போகுது?" என்று மனைவி கேட்டாள். மாமி பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.