கத்திரி வெயிலில் 35 டிகிரி

6.5.2024, திங்கள்
அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து எங்கள் நுண்ணுயிர் ஆய்வகத்துக்கு மூன்று சீழ் மாதிரிகள். இரண்டு ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் ஒற்றியது), ஒன்று சிரிஞ்சில் உறிஞ்சியது. உறிஞ்சியதைத்தான் அதிகம் நம்பலாம். ஸ்வாபில் தோல் கிருமியும் ஒட்டிக்கொண்டு வரும். கிராம் சாயத்தில் ஊதா உருண்டைகள், திராட்சைக் கொத்தாக: ஸ்டாஃபிலோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) போலத் தெரிகிறது. கிருமி வளர்க்கும் தட்டுகளான 5% ஆட்டு ரத்த அகார், 7.5% உப்புள்ள மேனிடால் அகார் இரண்டிலும் கோடிழுத்தாயிற்று.

7.5.2024, செவ்வாய்
ஒரு ஸ்வாபில் தோல் கிருமி மட்டும். மற்ற இரண்டிலும் வெண்ணெய் மஞ்சளில் பளபளக்கும் காலனிகள், சுற்றிலும் ரத்தம் கரைந்து தெளிந்த வளையம். மேனிடால் தட்டு மஞ்சளானதை மட்டும் வைத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃப்) என்று எழுதக் கூடாது. வேறு சில ஸ்டாஃபும் மஞ்சளாக்கும். கேட்டலேஸ் சோதனைக்கு (ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைக்கிறதா என்று பார்ப்பது) காலனியின் உச்சியை மட்டும் குச்சியால் தொட வேண்டும். அகாரைச் சுரண்டினால் சிவப்பணுவே நுரைக்கும்.

கோவாகுலேஸ் (பிளாஸ்மாவைக் கிருமி உறைய வைக்கிறதா என்ற சோதனை): 0.5 மிலி முயல் பிளாஸ்மா, 0.1 மிலி கிருமிக் கலவை, 37 டிகிரி. பிளாஸ்மாவைத் தானாக உறையாமல் வைக்கும் பொருள் சிட்ரேட்டாக இல்லாமல் இடிடிஏவாக இருக்கட்டும். சிட்ரேட்டைத் தின்னும் கிருமி கலந்திருந்தால் பொய்யாக உறையும். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். விடியும் வரை விட்டால் உறைந்ததைக் கிருமியே கரைத்துவிடுவதுண்டு. இரண்டும் உறைந்தன, அதாவது ஆரியஸ்.

மாலை 4 மணிக்கு 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் (ஆன்டிபயாடிக்) டிஸ்க்கைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்தோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் டிஸ்க் வியர்த்து மருந்து வீணாகும்.

8.5.2024, புதன்
டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒன்றில் 15 மிமீ, சந்தேகமே இல்லை. இன்னொன்றில் 22. 22-ம் அதற்கு மேலும் என்றால் மருந்து கேட்கும், 21-ம் அதற்குக் கீழும் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலின் வகை மருந்துக்கு அடங்காத ஆரியஸ்). ஆனால் இன்குபேட்டருக்குள் இருந்த தெர்மாமீட்டர் இரவில் 37.5 வரை ஏறியிருக்கிறது. குளிரூட்டும் வசதி இல்லாத பெட்டி. ஏசியை நிறுத்திய அறை கொதித்தால் அதுவும் ஏறத்தான் செய்யும். 35-ஐத் தாண்டினால் எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ மரபணு இருந்தும் எதிர்ப்பு மங்கித் தெரியும். சோதனையைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டுக் கிருமி ஏ.டி.சி.சி. 25923-இல் 26 மிமீ, அதாவது 23–29 வரம்புக்குள். அது மருந்து கேட்கும் கிருமி என்பதால் இந்தத் தவற்றைக் காட்டிக்கொடுக்காது. எதிர்ப்புள்ள 43300-ஐயும் கூடவே வைக்க வேண்டும். ரிப்போர்ட்டை நிறுத்தி, இரவு முழுக்க ஏசி ஓட, 34-இல் மறுபடி வைத்தோம்.

9.5.2024, வியாழன்
22 காட்டிய அதே கிருமி, 19 மிமீ. எம்.ஆர்.எஸ்.ஏ.தான். எரித்ரோமைசின் டிஸ்க் பக்கமாகக் கிளிண்டாமைசின் வட்டம் தட்டையாக வெட்டுப்பட்டு, 'டி' எழுத்துப் போல இருக்கிறது. கிளிண்டாமைசினும் கேட்காது என்றே எழுதினோம். வான்கோமைசினை டிஸ்க்கில் பார்ப்பதில் பயனில்லை. பிராத் (திரவ ஊடகம்) நீர்த்தலில் எம்.ஐ.சி. (கிருமி வளர்வதைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு) வைத்திருக்கிறது, முழு 24 மணி நேரம்.