கூலண்ட் மாற்றம்: வடிந்தது போக உள்ளே நின்றது எவ்வளவு?

காரின் கூலண்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, வீட்டிலேயே மாற்றி முடித்தேன். பழையதை வடிப்பது எளிது. வடியாமல் இன்ஜினுக்குள் தங்குவதைக் கணக்கில் கொள்வதில்தான் வேலையே இருக்கிறது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். சூட்டோடு திறந்தால் அழுத்தத்தில் அடைபட்ட திரவம் கொதித்துப் பீறிடும். இதில் அவசரமே கூடாது. ரேடியேட்டரின் அடியில் இருப்பது பிளாஸ்டிக் திருகு, விரலாலேயே தளர்ந்தது. முதலில் நூலாக இறங்கிய கூலண்ட், மேல்மூடியைத் திறந்ததும் தாரையாகக் கொட்டியது. பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தது. வாளியின் அடியில் துருத்தூள் மெல்லிய வண்டலாகப் படிந்தது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துவிடும் என்பதால்தான் கூலண்டை மாற்றவே வேண்டியிருக்கிறது.

வடித்ததை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றிவிட்டேன். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலும் உயிருக்கே ஆபத்து. சாக்கடையிலும் கொட்டக்கூடாது.

வாளியில் சேர்ந்தது 3.5 லிட்டர். கையேட்டின்படி மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். மீதி 2.5 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கிறது. அதனால் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவைத்து வடித்தேன். தெளிந்த நீர் வரும் வரை இதையே திரும்பச் செய்தேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் உள்ளே படிந்துவிடும்.

இப்போது உள்ளே நிற்கும் 2.5 லிட்டரும் ஏறக்குறைய வெறும் தண்ணீர். கடையில் கிடைக்கும், கூலண்டும் நீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவையை 3.5 லிட்டர் ஊற்றினால், கூலண்டின் பங்கு 6 லிட்டருக்கு 1.75 லிட்டர்தான், அதாவது வேண்டிய பாதிக்குப் பதில் 29 சதவீதம். பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. நான் நீர் கலக்காத கூலண்டை 3 லிட்டர் ஊற்றி, அரை லிட்டர் நீரால் நிரப்பினேன். கூலண்ட் வாங்கும்போது நிறத்தை நம்பவில்லை. கையேடு சொல்லும் தரக்குறியீட்டைத்தான் பார்த்தேன். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது.

காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி காரைச் சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே, ஆறிய இன்ஜினை ஓடவிட்டேன். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. சற்று நேரத்தில் மேல் ஹோஸ் சூடேறியது, தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கியது. குறைந்ததை நிரப்பி, குமிழிகள் நின்றதும் மூடினேன். ஹீட்டரில் சீராகச் சூடான காற்று வந்தது. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் அப்படி வராது.

மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கின் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கலவையை மேல்கோடு வரை ஊற்றினேன். ஒரு சொட்டை, கலவை எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தபோது கோடு மைனஸ் 35 டிகிரிக்கு அருகில் நின்றது. பாதிக்குப் பாதி கலவை உறைவது ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரியில். போட்ட கணக்கு சரியாகவே வந்திருக்கிறது.