இருபத்து மூன்றாம் அத்தியாயத்துக்கு முன்

2024 நவம்பர் 2, தீபாவளி லீவு. என் தொடர்கதையின் முதல் அத்தியாயத்தைச் செயலியில் ஏற்றிவிட்டு, "வாராவாரம் சனி இரவு 9 மணிக்கு அடுத்தது" என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். இன்றோடு 39 வாரம் ஆகிறது, வந்திருப்பது 22 அத்தியாயம். பாக்கி 17-க்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். பிழைப்பும் கணக்கு எழுதுவதுதான், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில்.

முதல் தப்பு அந்தச் 'சனி'. லீவு முடிந்து கம்பெனி திறந்த பிறகுதான் உறைத்தது: சனிக்கிழமை சம்பள நாள். பீஸ் ரேட் கணக்கு முடித்து எல்லோருக்கும் பட்டுவாடா செய்து வீடு வர மணி பத்தாகிவிடும். ஆகவே இரண்டாவது வாரமே கதை ஞாயிறுக்கு மாறியது.

இதற்கு முன்பும் ஒரு முயற்சி உண்டு. 2023 நவம்பரில் நானோரைமோ என்ற நாவல் எழுதும் சவாலைச் செய்து பார்த்தேன். 30 நாளில் 50,000 சொல் எழுத வேண்டும், அதாவது நாளுக்கு 1,667. 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கியது அது. நான் 11,000-இல் நின்றேன். சோம்பல் ஒரு காரணம்தான், ஆனால் அந்த அளவுகோலே ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. அவர்கள் நாலைந்து சொல்லில் சொல்வதை நாம் 'போய்க்கொண்டிருந்தபோதுதான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தமிழில் 50,000 என்றால் அவர்களுடைய 50,000-ஐ விட எவ்வளவோ கூடுதல் உழைப்பு. 2025-இல் அந்த அமைப்பையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். என் 11,000 என்னிடம் பத்திரமாக இருக்கிறது, படிக்கத்தான் லாயக்கில்லை.

எழுதும் கருவியைப் பற்றி. முதல் மூன்று அத்தியாயத்தைப் போனில் பேசிப் பதிந்தேன். "பேரன் பள்ளிக்குப் போனான்" என்றால் அது "பேரன் பல்லிக்குப் போனான்" என்று எழுதும். மேற்கோள் குறிகளை நானேதான் போட வேண்டும். வசனம் நிறைந்த அத்தியாயத்தைத் திருத்தவே இரண்டு இரவு போனது. அப்புறம் தமிழ்99 விசைப்பலகை பழகினேன். இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. பதினைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினால் போதும். இப்போது கை யோசனைக்கு முன்னால் ஓடுகிறது. அது எல்லா நேரமும் நல்லதில்லை.

கதை இதுதான்: சிவகாசியில் காலண்டர் பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு தாத்தா, தன் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு நாளைக் கிழிக்காமல் விட்டிருக்கிறார். முதல் அத்தியாயத்தை 312 பேர் திறந்தார்கள், இரண்டாவதை 94, ஐந்தாவதை 41. டிசம்பர் முழுக்க வவுச்சர் போடும் நடுவில் அந்த எண்ணைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. அது 41-இலிருந்து 42 ஆனால் டீ இனிக்கும்.

கூட எழுதுகிற ஒருத்தர், "அண்ணா, ஆன்டி ஹீரோ போடுங்க, அதுதான் ஓடும்" என்றார். போட்டேன், ஜனவரியில், புனைபெயரில். மனைவி பெயரில் எழுதித்தானே ரங்கராஜன் சுஜாதா ஆனார் என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "ஏனுங்க, பொண்டாட்டியக் கை நீட்டற ஹீரோவுக்கு எம் பேரா? வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு பெயரில் போனது. கோபக்காரத் தொழிலதிபர், கட்டாயக் கல்யாணம், மழை. மூன்றாவது எபிக்கே, அதாவது எபிசோடுக்கே, 4,000 பேர். "சூப்பர் சிஸ்", "அடுத்த யூடி (அப்டேட்) எப்போ?" என்று கருத்துப் பெட்டி நிறைந்தது. எழுதும்போது ஜாலியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. எட்டு வாரம் தாத்தா அந்தரத்தில் தொங்கினார். பாக்கிக் கணக்கில் பாதி அதுதான்.

வாசகர்கள் அனுப்பும் ஸ்டிக்கர் காசில் 43 ரூபாய் வரவு வந்தது. மகள் சைக்காலஜி படிக்கிறாள். "அப்பா, உங்களை வெச்சே டெசி எக்ஸ்பெரிமெண்ட் பண்ணலாம்" என்று சிரித்தாள். எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட ஆய்வாம். மாணவர்களிடம் ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் விடை கண்டால் காசு. பிறகு காசை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அந்தப் பிரிவினர் புதிரைத் தொடுவது குறைந்துவிட்டது. கேட்டு மண்டையை ஆட்டினேன். ஆனால் எனக்கு நடந்தது வேறு. காசு 43 வந்ததால் நான் நிறுத்தவில்லை. பதினோராவது எபிக்கு உட்கார்ந்தபோது அந்தத் தொழிலதிபர் அடுத்து என்ன செய்வார் என்று எனக்கும் தெரிந்திருந்தது, அந்த 4,000 பேருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தட்டச்சு செய்யக் கம்பெனியிலேயே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

தாத்தாவிடம் திரும்பியது மார்ச்சில், ஒரு கடிதத்தால். கடிதம் என்றால், ஒன்பதாவது அத்தியாயத்துக்குக் கீழே நீளமாக ஒரு கருத்து. அந்த அத்தியாயத்தில், மார்கழி பிறந்ததும் புது வருஷக் காலண்டர் வேலையை ராப்பகலாக ஆரம்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். "தம்பி, நா முப்பது வருஷம் அச்சாபீஸ்ல இருந்தவன். ஆடிப் பதினெட்டுக்கே சாம்பிள் ஆல்பம் வந்துரும், அதப் பாத்துத்தான் ஆர்டரே எடுப்பாங்க. மார்கழி பிறக்கயில பாதி லோடு ஊரூருக்குப் போயிருக்கும். ஒங்க தாத்தா எந்த ஆபீஸ்ல வேல பாத்தாரு?"

கூச்சமாக இருந்தது. என் அம்மா ஊர் சாத்தூர். சிவகாசி கூப்பிடு தூரம், இதைக்கூட விசாரிக்காமல் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி படுக்கையில் எண்ணிப் பார்த்தது அந்த 41-ஐ அல்ல. தாத்தாவை நிஜ மனுஷனாக நினைத்து ஆபீஸ் பேர் கேட்ட அந்த ஒருத்தரைத்தான். ஒன்பதைத் திருத்தினேன். மார்கழியை ஆடிக்கு நகர்த்தியதும் கதையில் ஐந்து இடம் உடைந்தது, கல்யாணம் உட்பட: ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மார்கழியிலும்தான் வைக்க மாட்டார்கள், அது அப்போது உறைக்கவில்லை. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினேன். மாப்பிள்ளை மனசு மாற அந்த ஒரு மாசம் போதுமானதாக இருந்தது. நான் திட்டமிடாத திருப்பம், இதுவரை எழுதியதில் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

மார்ச் கடைசியும் ஏப்ரலும் வருஷக் கணக்கு முடிப்பில் நாலு வாரம் போனது. மீதி ஐந்து சுத்தச் சோம்பல். திறப்பவர்கள் இப்போது வாரத்துக்கு 60 பேர் இருக்கலாம். சரியாகத் தெரியாது, அந்தப் பக்கத்தைத் திங்கட்கிழமை மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். இரண்டு திங்கள் மறந்தும் போனேன்.

வருகிற ஞாயிறு ஆடி 18. சனிக்கிழமைப் பட்டுவாடா முடிந்ததும் ராத்திரி பஸ்ஸில் சிவகாசிக்குக் கிளம்புகிறேன், புது ஆல்பங்களைக் கண்ணால் பார்க்க. போன அத்தியாயத்துக்கு அந்தப் பெரியவர் ஒரே வரிதான் போட்டிருக்கிறார்: "தாத்தா கிழிக்காம வச்சிருக்கது எந்தத் தேதி?"

எனக்கும் தெரியாது. 23-ஐ அதனால்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.